பாவம் இந்த ஐயா!

கடந்த ஆண்டு எங்கள் இணுவில் கந்தசுவாமி கோவிலில் திருவிழா நடந்துகொண்டிருந்த நாட்களில் இது நடந்தது. நான் தோட்டக்காரன். வெங்காயமும் மரவள்ளியும் பீற்றூட்டும்தான் எனக்குத் தெரிந்த உலகம். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். எழுத்துக் கூட்டி வாசிப்பேன். எழுதுவது அதைவிட மெதுவு. ஆட்களோடு கதைப்பதென்றாலே எனக்குக் கூச்சம். கலியாண வீட்டுப் பந்தியில் கறி முடிந்துவிட்டால் கேட்கக் கூச்சப்பட்டு வெறும் சோற்றைச் சாப்பிட்டுவிட்டு எழும்பி வருகிற ஆள். கமராக்காரர் என் பக்கம் திரும்பினால் தூணுக்குப் பின்னால் போய்விடுவேன். அப்படிப்பட்ட என் படம் கடல் கடந்து கனடாவரை போய்வந்தது.

எனக்கு ஒரே மகள். பாலர் பாடசாலையில் படிப்பிக்கிறாள். அவளுக்கு அச்சுவேலியில் இருந்து ஒரு சம்பந்தம் வந்தது. நல்ல குடும்பம், நல்ல பெடியன். சாதகக் குறிப்பும் பொருந்தியது. மகளும் மாப்பிள்ளையும் பின்னேரங்களில் போனில் கதைக்கத் தொடங்கியிருந்தார்கள். நாள் வைப்பது மட்டும்தான் மிச்சம். எல்லாம் ஒழுங்காக நடக்கவேண்டும் என்று நான் பிரதட்டை பண்ணுவதாக முருகனுக்கு நேர்த்தி வைத்தேன். நாள் வைக்கும்வரை இப்படியான நேர்த்தியை வெளியில் சொல்வது எங்கள் வழக்கம் இல்லை. கண்ணூறு பட்டுவிடும் என்று பயம். மனைவிக்கும் மகளுக்கும் மட்டும் தெரியும்.

பிரதட்டை என்றால், கிணற்றடியில் குளித்துவிட்டு ஈர வேட்டியோடு கோவில் வீதி மணலில் உருண்டு சுற்றி வருவது. என்னோடு தொடங்கிய இளம் பெடியன்கள் பம்பரம் மாதிரிப் போய்விட்டார்கள். நான் கிழங்கு மூட்டை உருண்ட மாதிரி உருண்டேன். தெற்கு வீதியில் வானமும் மணலும் இடம் மாறத் தொடங்கின. மேற்கு வீதியில் எது முருகன் பாட்டு, எது என் மூச்சு என்று தெரியவில்லை. ஒருவழியாக முடித்துக்கொண்டு எழும்பினால் கோபுரம் சுற்றியது. தட்டுத்தடுமாறிப் போய் ஒரு மரநிழலில் படுத்தேன். உடம்பெல்லாம் மணல். முடியில் அப்பிய மணலில் நான் முழுக்க நரைத்த கிழவன் மாதிரித் தெரிந்திருப்பேன். பக்கத்தில் மாற்று உடுப்பு வைத்த என் உரப்பை. தண்ணீர்ப் பந்தலில் நின்ற ஒரு புண்ணியவான் சில்வர் பேணியில் சர்க்கரைத் தண்ணீர் கொண்டுவந்து தந்தார். குடித்துவிட்டு, பேணியைத் தலைமாட்டில் வைத்துவிட்டு, அப்படியே நித்திரையாகிவிட்டேன். நான் செய்தது அவ்வளவுதான். அந்த நேரத்தில் யார் படம் எடுத்தார், ஏன் எடுத்தார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

சில நாட்கள் கழித்து, தோட்டத்தில் தண்ணீர் இறைத்துக்கொண்டு நின்றபோது போனைப் பார்த்தேன். எங்கள் ஊர்ச் சனங்களுக்கு ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கிறது. ஊரில் இருப்பவர்களும் இருக்கிறார்கள், கனடா, லண்டன், பிரான்ஸ் என்று போனவர்களும் இருக்கிறார்கள். காலையில் முருகன் படம் வரும். மத்தியானம் மரண அறிவித்தல் வரும். பின்னேரம் பிறந்தநாள் வாழ்த்து வரும். நான் எல்லாவற்றையும் பார்ப்பேனே தவிர, ஒருநாளும் ஒரு எழுத்து எழுதியதில்லை.

அன்று ஒரு படம் வந்திருந்தது. வற்றிப்போன ஒரு ஐயா தெருவோரம் புழுதியில் கிடக்கிறார். பக்கத்தில் ஒரு மூட்டை, தலைமாட்டில் ஒரு பிச்சைப் பாத்திரம். கறுப்பு வெள்ளைப் படம். மூலையில் ஒரு மெழுகுதிரியும் எரிந்துகொண்டிருந்தது. மேலே பெரிய எழுத்தில், “யாழ்ப்பாணத்தில் கொடுமை! பெற்ற பிள்ளைகள் அடித்து விரட்டிய தந்தை பட்டினியில்! நீ உண்மைத் தமிழன் என்றால் பகிர்!” என்று இருந்தது. எழுத்துக் கூட்டி வாசித்து முடிக்க எனக்குக் கண் கலங்கிவிட்டது. மூக்குக்கண்ணாடியை வீட்டில் வைத்துவிட்டு வந்திருந்தேன். ஆனாலும் அந்த முகம் எங்கேயோ பார்த்த முகம் போல இருந்தது. காலமாகிப்போன என் தகப்பனின் சாயல் இருக்கிறதே என்று நினைத்ததும் அழுகை இன்னும் கூடிவிட்டது.

அன்றைக்குத்தான் வாழ்க்கையில் முதல் தடவையாக அந்தக் குழுவில் எழுதினேன். ஒரு விரலால் எழுத்தைத் தேடித் தேடி எழுதி முடிக்க, தண்ணீர் பாத்தியை நிரப்பி வரம்புக்கு மேலால் ஓடிவிட்டது. நான் எழுதியது இதுதான்: “பாவம் இந்த ஐயா! பெத்த தகப்பனைத் தெருவிலை விட்ட பிள்ளையள் ஒருநாளும் உருப்படாதுகள்.”

எழுதிய உடனேயே பெருவிரல் படங்கள் வரிசையாக வந்து விழுந்தன. லண்டனில் இருந்து ஒருவர், “அண்ணை சொன்னது நூற்றுக்கு நூறு உண்மை” என்று எழுதினார். பிரான்சில் இருந்து கைகூப்பிய படம் வந்தது. இவ்வளவு காலமும் வாயை மூடிக்கொண்டு இருந்தது பிழையோ என்றுகூட யோசித்தேன். படத்தை எனக்குத் தெரிந்த எல்லோருக்கும் அனுப்பிவிட்டு, பாட்டு ஒன்றை முணுமுணுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

மனைவி குசினியில் புட்டு அவித்துக்கொண்டிருந்தாள். நான் எழுதியதற்கு வந்த பெருவிரல்களைக் காட்டலாம் என்று போனைக் கொடுத்தேன். அவள் எழுத்தைப் பார்க்கவில்லை, படத்தைப் பார்த்தாள். கிட்டக் கொண்டுபோய்ப் பார்த்தாள்.

“இஞ்சாருங்கோ, உது நீங்களெல்லோ?”

“விசர்க் கதை கதையாதை. உது ஆரோ பாவப்பட்ட மனுசன்.”

“பாவப்பட்ட மனுசன்தான். ஆனால் உந்த உரப்பை எங்கடை உரப்பை. அதின்ரை வாயைக் கட்டியிருக்கிறது என்ரை பழைய சீலைக்கரை. உந்த வாயைப் பிளந்துகொண்டு கிடக்கிற கிடை, நான் கலியாணம் கட்டின நாளிலையிருந்து பாக்கிற கிடை.”

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தேன். நான்தான். தகப்பனின் சாயல் என்று நினைத்ததில் பிழை ஒன்றும் இல்லை.

சத்தம் கேட்டு மகள் வந்தாள். படத்தைப் பார்த்துவிட்டுச் சுவரில் சாய்ந்து சிரித்தாள். மனைவியும் சிரித்தாள், புட்டுக் குழல் பக்கத்தில் ஆவி விட்டுக்கொண்டிருந்தது. பிறகு மகள் விரலால் கீழே தள்ளித் தள்ளி வாசித்தாள். சிரிப்பு நின்றுவிட்டது.

“உருப்படாதுகள் எண்டு எழுதினது நீங்களோ அப்பா?”

நான் தலையாட்டினேன். “உண்மையை எழுதிவிடுங்கோ” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

உடனேயே எழுதினேன். “அந்தப் படத்தில் கிடப்பது நான்தான். எனக்கு ஒரு குறையும் இல்லை. மகள் என்னை நல்லாய்ப் பார்க்கிறாள்.” ஏன் மணலில் கிடந்தேன் என்று எழுதவில்லை. நேர்த்தியை வெளியில் சொல்லக்கூடாதே. அந்த ஒரு காரணத்தால் நான் எழுதியது சந்தேகத்தைத்தான் கூட்டியது. “ஐயாவை வெருட்டி எழுத வைச்சிருக்கினம்” என்று ஒருவர் எழுதினார். “முதல் எழுதினதுதான் மனதிலையிருந்து வந்தது, ரெண்டாவது பக்கத்திலை நிண்டு எழுதிவிச்சது” என்று இன்னொருவர் கண்டுபிடித்தார். “ஐயா பயப்படாதேங்கோ, நாங்கள் இருக்கிறம்” என்று ஒரு அம்மா எழுதினார். ஊரில் இருந்த ஒன்றிரண்டு பேர், “உவர் நல்லா இருக்கிறார், நேற்றும் சந்தையிலை கண்டனாங்கள்” என்று எழுதியதை ஒருவரும் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. பொய்க்குக் கிடைத்த பெருவிரல்களில் கால்வாசிகூட உண்மைக்குக் கிடைக்கவில்லை.

இவ்வளவோடு போயிருந்தால் சிரித்துவிட்டு மறந்திருப்பேன். மாப்பிள்ளையின் பெரியம்மா ஒருவர் கனடாவில் இருக்கிறார். குறிப்போடு நாங்கள் அனுப்பிய குடும்பப் படத்தைத் தன் போனில் வைத்திருந்தாராம். தெருவில் கிடந்த ஐயாவையும் அந்தப் படத்தில் மகளுக்குப் பின்னால் ஒளிந்து நிற்கிற என்னையும் பெருப்பித்துப் பெருப்பித்து ஒப்பிட்டிருக்கிறார். உடனே அச்சுவேலிக்கு அழைப்புப் போயிருக்கிறது. தகப்பனைத் தெருவில் விடுகிற பெட்டை நாளைக்கு மாமன் மாமியை எங்கே விடுவாள் என்று கேட்டிருக்கிறார்.

அச்சுவேலியில் இருந்து எங்களுக்கு வந்த செய்தி சின்னது. “நாள் வைக்கிறதைப் பற்றி ஆறுதலாய்க் கதைப்பம்.” எங்கள் பக்கத்தில் ஒருவர் ஆறுதலாய்க் கதைப்பம் என்று சொன்னால் அதற்கு மேல் கதை இல்லை என்று எல்லோருக்கும் தெரியும். அன்று பின்னேரம் மகளின் போன் அடிக்கவில்லை. அடுத்த நாளும் அடிக்கவில்லை. அவள் வழக்கம் போலப் பாலர் பாடசாலைக்குப் போய்வந்தாள், வழக்கம் போல எனக்குச் சாப்பாடு போட்டாள். அந்தச் சாப்பாடு எனக்கு இறங்கவில்லை. அவளுக்காக மணலில் உருண்டு, அவள் கலியாணத்தை நானே குழப்பிவிட்டேனே என்று நினைக்க நினைக்கத் தலை சுற்றியது. பிரதட்டை அன்றுகூட அப்படிச் சுற்றவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை மாப்பிள்ளையின் தகப்பன், வருவதாக முதல்நாளே சொல்லி அனுப்பிவிட்டு, மோட்டார் சைக்கிளில் தனியாக வந்தார். அவரும் என்னைப் போலக் கதை குறைந்தவர். முற்றத்தில் இரண்டு கதிரைகளில் எதிரெதிரே இருந்தோம்.

“மழை காணாது” என்றார்.

“ஓம், காணாது” என்றேன்.

தேநீர் வந்தது. குடித்தோம். “இந்த வெய்யிலுக்கு வெங்காயம் எப்பிடி?” என்றார். “பரவாயில்லை” என்றேன். பிறகு அவர் மெல்லத் தொண்டையைச் செருமிக்கொண்டு போனை எடுத்து நீட்டினார். குழுவில் நான் எழுதிய இரண்டையும் யாரோ அவருக்கு அனுப்பியிருந்தார்கள்.

“ரெண்டும் நீங்கள் எழுதினதுதானே? இதிலை எது உண்மை?”

நான் வாயைத் திறக்கமுதல் வாசல் படலையடியில் ஒரு வான் வந்து நின்றது. கமராவோடு ஒருவர் இறங்கினார். சேட்டில் ஒலிவாங்கி கொழுவிய இன்னொருவர் இறங்கி, கமராவைப் பார்த்துக் கும்பிட்டு, “வணக்கம் உறவுகளே! கைவிடப்பட்ட அந்த ஐயாவின்ரை வீட்டு வாசலிலை நிக்கிறம்” என்று தொடங்கினார். வானுக்குள் இருந்து அரிசி மூட்டையும் சக்கர நாற்காலியும் வந்தன. பயப்படாதேங்கோ என்று எழுதிய அந்த அம்மா வெளிநாட்டில் ஆட்களைச் சேர்த்து, என் விலாசத்தை விசாரித்து, என்னைக் காப்பாற்ற அனுப்பியவர்கள் இவர்கள்.

ஒலிவாங்கிக்காரர் நேரே என்னிடம் வந்தார்.

“ஐயா எங்கை?”

“எந்த ஐயா?”

“நீங்கள் அடிச்சுக் கலைச்ச ஐயா.”

“அது... நான்தான்” என்றேன். எனக்கே கேட்காத குரலில் சொல்லியிருப்பேன் போல.

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். நான் சம்பந்தகாரர் வருவதென்று நல்ல சேட்டுப் போட்டு, தலைக்கு எண்ணெய் வைத்து இழுத்து வாரியிருந்தேன். “நடிக்காதேங்கோ அண்ணை. நீங்கள்தானே மகன்? பெத்த தகப்பனை அறைக்குள்ளை பூட்டி வைச்சிருக்கிறியளோ?”

இப்படி யாராவது கேட்டால் எனக்கு நாக்கு உள்ளே போய்விடும். போய்விட்டது. கூச்சத்தில் நான் தலையைக் குனிய, குற்றவாளி தலை குனிந்து நிற்பதாகக் கமராவுக்குச் சொன்னார். மாப்பிள்ளையின் தகப்பன் தேநீர்ப் பேணியைக் கையில் பிடித்தபடி என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். மனைவி அகப்பையோடு குசினிக்குள் இருந்து ஓடி வந்தாள்.

“நீங்கள் மருமகளோ? மாமாவுக்கு ஒரு பிடி சோறு குடுக்க மனமில்லையோ உங்களுக்கு?”

“என்ரை மாமாவோ? அந்த மனுசன் செத்துக் கனகாலம்!”

அவர் உடனே கமரா பக்கம் திரும்பினார். “பாத்தீங்களே உறவுகளே! உயிரோடை இருக்கிறவரைச் செத்துப்போனார் எண்டு வாய் கூசாமல் சொல்லுகினம்!”

மனைவி அகப்பையை ஓங்கினாள். அவர் சக்கர நாற்காலிக்குப் பின்னால் போனார். அந்த நேரம் மகள் வெளியே வந்தாள். யாரோடும் சண்டை பிடிக்கவில்லை. என்னைப் பார்த்து அமைதியாகச் சொன்னாள்: “அப்பா, கிடந்து காட்டுங்கோ.”

எனக்கு முதலில் விளங்கவில்லை. “அண்டைக்குக் கிடந்த மாதிரிக் கிடந்து காட்டுங்கோ. வாயாலை சொல்லி உவையள் நம்பமாட்டினம்.”

சம்பந்தம் பேச வந்தவர் முன்னால், கமராவுக்கு முன்னால், முற்றத்து மண்ணில் படுப்பதா? தூண் ஒன்று பக்கத்தில் இருந்திருந்தால் பின்னால் போயிருப்பேன். ஆனால் மகளின் முகத்தைப் பார்த்தேன். சேட்டைக் கழற்றிக் கதிரையில் போட்டேன். படுத்தேன்.

மாப்பிள்ளையின் தகப்பன் கதிரையை விட்டு எழும்பி, போனைப் பிடித்துக்கொண்டு என் பக்கத்தில் குந்தினார். படத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். “தலையைக் கொஞ்சம் இடப்பக்கம் சரியுங்கோ” என்றார். சரித்தேன். “வலக்கை நெஞ்சிலை.” வைத்தேன். மனைவி உள்ளே போய் அந்த உரப்பையையும் ஒரு பேணியையும் கொண்டுவந்து அந்தந்த இடத்தில் வைத்தாள். ஒரு அடி தள்ளி நின்று பார்த்துவிட்டு, “வாயைத் திறவுங்கோ. வாயைத் திறந்தால்தான் நீங்கள்” என்றாள்.

திறந்தேன். முதலில் சிரித்தது கமராக்காரர். ஒலிவாங்கிக்காரர் குனிந்து பார்த்தார், தலையைச் சொறிந்தார், “ஐயோ, ஐயாதான்” என்றார்.

மாப்பிள்ளையின் தகப்பன் மட்டும் சிரிக்கவில்லை. “அண்டைக்கு ஏன் அப்பிடிக் கிடந்தனீங்கள்?” என்று கேட்டார்.

“கோவிலிலை பிரதட்டை பண்ணினனான். தலைச்சுத்து.”

“என்ன நேர்த்தி?”

இனி எதை மறைப்பது? அவர் முகத்தைப் பார்த்துச் சொல்லக் கூச்சமாக இருந்தது. மேலே தெரிந்த மாமரக் கொப்பைப் பார்த்துச் சொன்னேன்: “உங்கடை சம்பந்தம் சரிவரவேணும் எண்டு.”

அவர் போனைச் சட்டைப் பைக்குள் போட்டார். பிறகு என்னிடம் கையை நீட்டினார்.

“எழும்புங்கோ சம்பந்தி, முதுகிலை எறும்பு ஏறப்போகுது.”

நான் எழும்பினேன். மகள் சட்டென்று குசினிக்குள் போய்விட்டாள். மனைவி அகப்பையால் கண்ணைத் துடைக்கப் போய்ப் பிறகு முந்தானையால் துடைத்தாள்.

வந்தவர்களும் கெட்டவர்கள் இல்லை. மன்னிப்புக் கேட்டார்கள், எங்கள் வீட்டுத் தேநீரைக் குடித்தார்கள். மாப்பிள்ளையின் தகப்பன் ஒலிவாங்கிக்காரரிடம், “தம்பி, இண்டைக்கு நடந்ததையும் அப்பிடியே போடவேணும்” என்றார். “போடுறம் ஐயா. ஆனால் ஒரு பிரச்சினையும் இல்லாத வீட்டை ஆர் பாக்கப்போகினம்?” என்று அவர் உண்மையாகவே கவலைப்பட்டார். இணையத்தில் போட்டார்கள். அவர் சொன்னது சரிதான், ஒருவரும் பார்க்கவில்லை. ஆனால் கனடாப் பெரியம்மா பார்த்தார். எங்களுக்கு அது போதும்.

கலியாணம் நல்லபடியாக நடந்தது. என் படம் மட்டும் இன்னும் அடங்கவில்லை. இந்த ஆண்டு வேறு ஒரு குழுவில் வந்தது. மெழுகுதிரியை எடுத்துவிட்டு, என் தலைக்குப் பின்னால் மஞ்சள் ஒளிவட்டம் போட்டிருந்தார்கள். சர்க்கரைத் தண்ணீர் மட்டும் குடித்து உயிர் வாழும் சித்தராம். பகிர்ந்தால் மாலைக்குள் நல்ல செய்தி வருமாம். “சித்தரே, மாட்டுக்குத் தண்ணி வைச்சாச்சோ?” என்று மனைவி இன்றைக்கும் கேட்கிறாள். அந்தச் சித்தர் கதையில் சர்க்கரைத் தண்ணீர் என்பது மட்டும் உண்மை. எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்று எனக்கு இன்னும் ஆச்சரியம்.

இவ்வளவையும் சிரித்துக்கொண்டு சொல்கிறேன். ஆனால் மகள் அச்சுவேலிக்குப் புறப்படுவதற்கு முதல்நாள் என்னிடம் கேட்ட ஒன்று மட்டும் சிரிப்புக்குள் வராமல் தனியாக நிற்கிறது. கோபமாகக் கேட்கவில்லை. உடுப்பு மடித்துக்கொண்டே கேட்டாள்: “அப்பா, அந்தப் படத்திலை இருந்தது உண்மையா வேறை ஆரோ எண்டு வைப்பம். அந்தாளின்ரை பிள்ளையளைப் பற்றி உங்களுக்கு என்ன தெரியும்?”

ஒன்றும் தெரியாது. அன்றும் தெரியாது, இன்றும் தெரியாது. படம் பொய்யில்லை, அதில் கிடந்தது நான்தான், மணலும் மூட்டையும் பேணியும் எல்லாம் உண்மைதான். யாரோ ஒருவர் மேலே எழுதிய நாலு வரி மட்டும்தான் பொய். அந்த நாலு வரியை நம்பி நான் சாபம் போட்டேன், அது நேரே என் வீட்டுக்குள் வந்து என் பிள்ளையின் தலையில் இறங்கியது. அப்படிப்பட்ட படங்கள் இப்போதும் வருகின்றன, எனக்கு இப்போதும் கண் கலங்குகிறது; ஆனால் அந்த மனிதனுக்கும் எங்கேயோ ஒரு வீட்டில் சாப்பாட்டை மூடிவைத்துவிட்டு வாசலைப் பார்த்துக்கொண்டு ஒரு மகள் நிற்கக்கூடும் என்று நினைத்தவுடன், எழுதப்போன விரல் எழுதாமல் திரும்பி வந்துவிடுகிறது.